வேறு அளவு ஸ்டெப்னியோடு எவ்வளவு தூரம் போகலாம்?

விடியற்காலையில் தாம்பரம்–வேளச்சேரி சாலை சரக்கு வண்டிகளின் சாலை. கோயம்பேட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு திரும்பும் டாடா ஏஸ், தண்ணீர் கேன் அடுக்கிய இன்ட்ரா, மாடம்பாக்கம், அகரம்தென் பக்கம் வீடு எழும்பும் மனைகளுக்குக் கம்பியும் டைல்ஸும் கொண்டுபோகும் தோஸ்த், பொலேரோ பிக்கப் என்று ராஜகீழ்ப்பாக்கம் வழியாக வரிசை கட்டிப் போகும். ஓடுகிற நாலு டயரையும் ஓட்டுநர் தினம் பார்க்கிறார். சேஸிஸுக்கு அடியில் தொங்கும் ஐந்தாவதைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. அதன் பக்கச்சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்பது பஞ்சர் ஆன ராத்திரிதான் பலருக்கும் தெரியவருகிறது.

அளவு மாறிப்போவதற்குப் பெரும்பாலும் கவனக்குறைவு காரணமில்லை, காசுதான் காரணம். சுமை தாங்கட்டும் என்று நாலு டயரை ஒரு அளவு பெரிதாக மாற்றுவார்கள். ஐந்தாவதற்குப் பணம் வைக்க மனம் வராது. பழைய வண்டி வாங்கும்போது ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேட்பார்கள், எந்த அளவு என்று கேட்க மாட்டார்கள். சேஸிஸ் அடியிலிருந்து ஸ்டெப்னி திருடுபோனால், கையில் கிடைத்த ஒரு பழைய சக்கரம் அந்த இடத்தில் ஏறிவிடும். எஃப்.சி. நெருங்கும் நேரத்தில் நல்ல டயரை இரவல் வாங்கிக் காட்டிவிட்டு, திருப்பிக் கொடுக்கும்போது எதுவோ ஒன்றை மாட்டிக்கொண்டு வருவதும் உண்டு. சரக்கு வண்டிக்கு முதல் 8 ஆண்டுகள் 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் இந்தத் தகுதிச் சான்று வேண்டும். பழைய வண்டிகளில் இந்த இரவல் பழக்கம் அதிகமாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் எழுத்தைப் படிக்கப் பழக வேண்டும். 215/75 ஆர் 15 என்றால் டயரின் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம். நடுவில் உள்ள ‘ஆர்’ ரேடியல் டயரைக் குறிக்கும். 185 ஆர் 14 என்பதுபோல் சாய்கோடே இல்லாத எழுத்தும் உண்டு. அது முழு உயரப் பக்கச்சுவர் கொண்ட சரக்கு டயர். 7.00 ஆர் 15 என்பது அங்குலக் கணக்கில் வரும் பழைய முறை. டாடா ஏஸில் 145 ஆர் 12, அசோக் லேலண்டின் தோஸ்த் வரிசையில் 185 ஆர் 14, தோஸ்த் பிளஸ்ஸில் 195 ஆர் 15, பொலேரோ பிக்கப்பில் ரகத்துக்கு ஏற்ப 215/75 ஆர் 15 அல்லது 7.00 ஆர் 15 என்று வருகின்றன. ஒரே பெயர்ப் பலகை உள்ள இரண்டு வண்டிகளுக்கே டயர் அளவு வேறாக இருக்கலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். “அண்ணே, அதுவும் தோஸ்துதான், மாட்டிக்கலாம்” என்று யாராவது சொன்னால், எழுத்தைப் பார்க்காமல் தலையசைக்கக் கூடாது.

மோசமான பொறி எண்கள் வேறாக இருப்பதில் இல்லை. ஒன்றாக இருப்பதில்தான் இருக்கிறது. 185 ஆர் 14 சரக்கு டயரையும் 185/70 ஆர் 14 கார் டயரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 185-ம் ஒன்று, 14-ம் ஒன்று. ஆனால் சரக்கு டயரின் வெளிவிட்டம் சுமார் 650 மில்லிமீட்டர், கார் டயருடையது சுமார் 615. சுமைக் கணக்கு இன்னும் பயமுறுத்தும். 8 பிளை உள்ள 185 ஆர் 14 டயரில் வழக்கமாக இருக்கும் சுமைக் குறியெண் 102, அதாவது ஒற்றை டயருக்கு 850 கிலோ. கார் டயரில் இருக்கும் 88 என்ற குறியெண்ணுக்கு 560 கிலோதான். 290 கிலோ குறைவாகத் தாங்கும் டயரை, சிமென்ட் மூட்டை ஏற்றிய பின் ஆக்சிலில் மாட்டினால் அடுத்து வெடிக்கப் போவது அதுதான்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் கார்களில் இருக்கிறது. மாருதி ஸ்விஃப்டின் வெவ்வேறு ரகங்களில் 165/80 ஆர் 14, 185/65 ஆர் 15 என்று இரண்டு அளவுகள் வந்திருக்கின்றன. அகலம் வேறு, ரிம் வேறு, எண் எதுவுமே ஒட்டவில்லை. கணக்குப் போட்டால் முதலாவதன் வெளிவிட்டம் சுமார் 620 மில்லிமீட்டர், இரண்டாவதன் வெளிவிட்டம் சுமார் 621.5. வித்தியாசம் 2 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. கார் நிறுவனங்கள் அலாய் வீல் வண்டிக்குச் சிறிய இரும்பு ரிம்மில் ஸ்டெப்னி கொடுப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டு: மொத்த உயரம், தாங்கும் சுமை. ரிம் அளவு மூன்றாவது.

உயரத்தை அளக்கக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. கொத்தனார் நூல் ஒன்றை எடுத்து ஓடும் டயரின் பட்டன் மேல், அதாவது தரையைத் தொடும் பகுதியின் மேல், ஒரு சுற்று சுற்றி, டேப்பில் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்டெப்னிக்கும் அதையே செய்ய வேண்டும். மேலே சொன்ன சரக்கு டயரில் நூல் சுமார் 204 சென்டிமீட்டர் வரும். கார் டயரில் 193. அந்த 11 சென்டிமீட்டர் வித்தியாசம் வண்டிக்குள் என்ன செய்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் மையம்.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பதுதான் பின் ஆக்சில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல். அதனுள் இருக்கும் சின்னப் பற்சக்கரங்களை மெக்கானிக்குகள் ஸ்டார் பினியன் என்பார்கள். நேர்ச்சாலையில் அவை தம் அச்சில் சுற்றாமல் கூட்டோடு சேர்ந்து போகும். திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் சுற்றும். அந்தக் கொஞ்ச வேலைக்காகத்தான் அவற்றுக்குப் பேரிங் வைக்காமல் ஒரு பின்னும் வாஷரும் கொடுத்திருக்கிறார்கள். சக்கரங்களுக்கு இடையே 1.3 மீட்டர் அகலமுள்ள ஒரு பிக்கப் முழு யு டர்ன் போட்டால், வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிடச் சுமார் 4 மீட்டர் கூடுதலாக ஓடும்; ஏறக்குறைய 2 சுற்று. இப்போது பின்னால் ஒரு பக்கம் 650 மில்லிமீட்டர் டயர், மறுபக்கம் 615 என்று வைத்துக்கொண்டால், நேர்ச்சாலையில் ஒரு கிலோமீட்டருக்குப் பெரியது சுமார் 490 சுற்றும் சிறியது சுமார் 518 சுற்றும் சுற்றும். வித்தியாசம் 28 சுற்று. அதாவது கிலோமீட்டருக்கு 14 யு டர்ன் போட்ட வேலை. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் போய்ச் சேரும்போதே 50 தாண்டிவிடும். செங்கல்பட்டு வரை போனால் 400-க்கும் மேல், அதுவும் இடைவெளியே இல்லாமல், நெடுஞ்சாலை வேகத்தில். ஸ்டார் பினியனின் பின் சூடாகி, வாஷர் தேய்ந்து, அந்தத் துகள் ஆயிலில் கலந்து கிரௌன் பற்சக்கரம் வரை போகும். அன்றைக்குச் சத்தம் எதுவும் கேட்காது. பல மாதம் கழித்து ஊளைச் சத்தம் வரும்போது யாருக்கும் ஸ்டெப்னி ஞாபகம் வராது.

ஸ்பீடோமீட்டரும் காட்டிக்கொடுக்காது. இந்த வகை வண்டிகள் பலவற்றில் அது கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கிறது. இரண்டு பின் சக்கரங்களின் சராசரிதான் அங்கே போய்ச் சேரும். பெரிய வித்தியாசமும் பாதியாகத்தான் தெரியும்.

ஆனால் எந்த வித்தியாசமும் ஆகாது என்று பயப்படவும் தேவையில்லை. ஒரே அளவில் ஒன்று புது டயர், இன்னொன்று தேய்ந்த டயர் என்றால் பட்டன் ஆழத்தில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரணம். விட்டத்தில் அது 12 மில்லிமீட்டர்; 650-ல் 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இப்படி ஓடும் வண்டிகள் ஊரெல்லாம் இருக்கின்றன. எனவே நடைமுறைக்கு இந்தப் புத்தகம் பரிந்துரைப்பது இது: நூல் அளவில் வித்தியாசம் 4 சென்டிமீட்டருக்குள் இருந்து, சுமைக் குறியெண்ணும் குறையாமல் இருந்தால், மெதுவாக ஓட்டி வீடு வந்து சேரலாம். அதைத் தாண்டினால் அடுத்த பஞ்சர் கடை வரைதான். 10 சென்டிமீட்டரை நெருங்கினால் ஆபத்தான இடத்திலிருந்து வண்டியை ஓரங்கட்ட மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

பலர் செய்யும் ஒரு சமாளிப்பு உண்டு. உயரமான டயரில் காற்றைக் குறைத்து இரண்டையும் ‘சமமாக்குவது’. பார்வைக்கு வண்டி நேராகத்தான் நிற்கும். ஆனால் ரேடியல் டயரின் பட்டனுக்கு அடியில் இரும்புக் கம்பிப் பட்டை ஓடுகிறது. காற்றைக் குறைத்தால் அதன் சுற்றளவு பெரிதாகச் சுருங்காது. சுற்றும் எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும், டிஃபரன்ஷியலுக்கு எந்த நிம்மதியும் இல்லை. காற்றுக் குறைந்த டயரோ பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறும். ஒரு கெடுதலைத் தீர்க்கப் போய் இரண்டாவதை வரவழைக்கும் வேலை இது. செய்யவே கூடாது. சரக்கு டயருக்கு உரிய காற்றும் கார் அளவு அல்ல. 8 பிளை டயர் தன் முழுச் சுமையைத் தாங்க 65 பிஎஸ்ஐ வரை கேட்கும். பெட்ரோல் பங்கில் பழக்கத்தில் 32 வைத்துவிட்டுப் போன ஸ்டெப்னி, அளவு சரியாக இருந்தாலும் சுமைக்குத் தகுதியில்லாதது.

எந்தச் சக்கரத்தில் மாட்டுவது என்பதில் மெக்கானிக்குகளுக்குள்ளேயே பேச்சு இரண்டாகப் பிரியும். பின்னால் மாட்டினால் டிஃபரன்ஷியலுக்குக் கெடுதல், சுமையும் அங்கேதான். முன்னால் மாட்டினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். ஒரே அளவு பிரேக் பிடித்தாலும் சிறிய சக்கரத்தில் தரையைப் பிடிக்கும் விசை கூடும், அந்தப் பக்கமாக வண்டி சாயும். இரண்டையும் எடைபோட்டால், பின் சக்கர இயக்கமுள்ள பிக்கப்பில் பின் ஜோடியைச் சமமாக வைப்பதே நல்லது. பின் டயர் பஞ்சர் ஆனால் முன்னாலிருந்து நல்ல டயர் ஒன்றைக் கழற்றிப் பின்னால் போட்டு, வேறு அளவு ஸ்டெப்னியை முன்னால் மாட்டி, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்ட வேண்டும். இரண்டு தடவை ஜாக்கி போட வேண்டியிருக்கும். பஞ்சர் கடை 2 கிலோமீட்டரில் இருந்தால் இந்தச் சிரமம் வேண்டாம். சரக்கை இறக்கிவிட்டு, பின்னாலேயே மாட்டி ஊர்ந்து போய்விடலாம். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உள்ள வண்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் உள்ளே உள்ள கிளட்ச் தட்டுகள் அந்த வித்தியாசத்தோடு ஓயாமல் உரசும். ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பில், இப்படி மாட்டியிருக்கும்வரை காய்ந்த தார்ச்சாலையில் 4ஹெச் போடவே கூடாது. முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற, நடுவில் முறுக்கேறிய விசைக்குப் போக வழியே இருக்காது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 7.00 அளவில் நைலான் டயரும் கிடைக்கிறது, ரேடியலும் கிடைக்கிறது. எண் கிட்டத்தட்ட ஒன்றுதான், உயரமும் நெருக்கம். ஆனால் ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ரேடியல் கூடாது. திருப்பத்தில் இரண்டும் வளைந்து கொடுக்கும் விதமே வேறு. தவிர்க்க முடியாமல் வண்டியில் இரண்டும் கலந்தால் ரேடியல் ஜோடி பின்னால் இருக்க வேண்டும். முன்னால் ரேடியலும் பின்னால் நைலானுமாக இருந்தால் மழைச்சாலையில் வாலை வீசும்.

ராஜகீழ்ப்பாக்கத்தை ஒட்டி ஓட்டுபவருக்கு ஒரு வசதி இருக்கிறது. கேம்ப் ரோடு சந்திப்பு, சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் வரையிலும் பஞ்சர் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. பகலில் அளவு பொருந்தாத ஸ்டெப்னியை மாட்டுவதைவிடப் பஞ்சரான டயரையே ஒட்டிப் போட்டுக்கொள்வது மேல். டியூப்லெஸ் டயரில் பட்டன் பகுதியில் ஆணி ஏறியிருந்தால் ஒட்டும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பஞ்சர் கிட்டும் 12 வோல்ட் காற்றடிக்கும் பம்பும் வண்டியில் இருந்தால் கடைக்கும் போக வேண்டாம். 65 பிஎஸ்ஐ வரை ஏற்றக்கூடிய பம்பாகப் பார்த்து வாங்க வேண்டும். பக்கச்சுவர் கிழிந்தாலோ, காற்றில்லாமல் ஓடி உள்சுவர் நொறுங்கியிருந்தாலோ ஒட்டு நிற்காது. அப்போதுதான் ஸ்டெப்னி கட்டாயமாகிறது.

உண்மையான ஆபத்து இரவில், பெருங்களத்தூரில் பைபாஸ் ஏறிய பிறகோ, ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் தாண்டிய பிறகோ வருகிறது. லாரிகள் உரசிக்கொண்டு போகும் ஓரத்தில், சாலைப் பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. டயர் போனாலும் பரவாயில்லை என்று மெதுவாக உருட்டி அகலமான இடத்துக்கோ சர்வீஸ் சாலைக்கோ வர வேண்டும். ஒரு டயரின் விலையை ஆளின் உயிரோடு வைத்துப் பார்க்கக் கூடாது. தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற உதவி எண் இருக்கிறது, தயங்காமல் கூப்பிடலாம். எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைத்து, எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் அடை கொடுத்து, வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, பிறகுதான் ஜாக்கி. மழைக்காலத்தில் மண் இளகியிருந்தால் ஜாக்கிக்கு அடியில் ஒரு கனமான பலகை வேண்டும்.

வேறு அளவு சக்கரத்தை மாட்டும் முன் அது வண்டியில் உட்காருமா என்பதையும் பார்க்க வேண்டும். துளைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் நடுத்துளை ஹப்பில் சரியாக அமர்ந்திருக்கிறதா, நட்டின் கூம்பு ரிம்மின் குழியோடு பொருந்துகிறதா, சிறிய ரிம் பிரேக் பாகத்தில் இடிக்கிறதா என்று கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்த பிறகே ஜாக்கியை இறக்க வேண்டும். அலாய் வீலுக்கான நட்டு இரும்பு ரிம்மில் சரியாகப் பிடிக்காமல் போகலாம். எதிரெதிராக இறுக்கி, கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். இந்த இரண்டாவது இறுக்கலை விட்டுவிட்டவர்களின் சக்கரம்தான் கழன்று ஓடுகிறது.

சட்டத்தின் பக்கம் சுருக்கமாக: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 94-வது விதி டயரின் நிலையையும், 95-வது விதி அளவு, பிளை, சுமை ஆகியவற்றையும் பற்றியது. இந்த வண்டிகளுக்குப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மாட்டி ஓட்டும்போது ஸ்டெப்னியும் ஓடும் டயர்தான். மொட்டை டயருக்கு அவசரம் என்ற சமாதானம் செல்லாது. 2020 ஜூலையில் வந்த திருத்தத்தைச் சொல்லி, இனி ஸ்டெப்னியே வேண்டாம் என்பவர்களும் உண்டு. டியூப்லெஸ் டயர், டயர் பழுது நீக்கும் கிட், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி ஆகியவை உள்ள, 3.5 டன்னுக்கு உட்பட்ட வண்டிகளைக் கருதி வந்த தளர்வு அது. அந்தக் கருவி எதுவும் இல்லாத பழைய பிக்கப்புக்கு அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

தாம்பரம் புறநகருக்கே உரிய இன்னொரு தொல்லை தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பகுதியின் பல தெருக்கள் முழங்காலுக்கு மேல் மூழ்கின. சேஸிஸ் அடியில் தொங்கும் ஸ்டெப்னிதான் முதலில் நனையும். ரிம் விளிம்பு துருப்பிடித்துக் காற்று கசியும், தாங்கிப் பிடிக்கும் சங்கிலியும் போல்ட்டும் இறுகிப்போகும். அவசரத்துக்கு இறங்கவே இறங்காது. ஐப்பசி அடைமழைக்கு முன் ஒருமுறையும் மழை முடிந்த பிறகு ஒருமுறையும் கீழே இறக்கி, போல்ட்டுக்குக் கிரீஸ் தடவி, காற்று வைத்து ஏற்ற வேண்டும்.

நிரந்தரத் தீர்வு நினைப்பதைவிடக் குறைந்த செலவில் முடியும். அடுத்த முறை ஓடும் டயர்களை மாற்றும்போது, கழற்றியவற்றில் நல்லதை ஸ்டெப்னியாக வைத்துக்கொண்டால் அளவுப் பிரச்சினை அங்கேயே தீரும். புதியவையும் அதே அளவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய அளவுக்கு மாறியே தீருவது என்றால் ஐந்தாவது டயரின் விலையையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ரிம் வேறாக இருந்தால் புதுப்பேட்டையில் பழைய ரிம் தேடலாம். ஓடும் ரிம்மில் பொறித்திருக்கும் எழுத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவது நல்லது. துளைகள் முட்டை வடிவில் இழுபட்டிருந்தாலோ, வெல்டிங் வைத்த தழும்பு இருந்தாலோ, தரையில் உருட்டும்போது ஆட்டம் தெரிந்தாலோ விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பழைய டயரும் சேர்த்து வாங்கினால் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் 4 இலக்க எண்ணைப் படிக்க வேண்டும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும், 6 வயதைத் தாண்டி, பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு ஓடும் டயரைச் சரக்கு வண்டிக்கு வாங்கக் கூடாது.